தட்டு எங்கய்யா?

மறுபடியும் மரப்பலகை. ஒரு ஓரத்துல பர்கர், இன்னொரு ஓரத்துல குட்டித் தகர வாளி, வாளிக்குள்ள ஃபிரெஞ்ச் ஃபிரைஸ், நடுவுல கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சாஸ் குப்பி. எல்லாம் வந்துருச்சு, தட்டைத் தவிர. பீரோட நல்ல சாப்பாடும் போடுற இந்த கேஸ்ட்ரோபப்காரங்ககிட்ட ஒரு தட்டு கேட்டா, பூர்வீகச் சொத்துல பங்கு கேட்ட மாதிரி முழிக்கிறாங்க.

தட்டுக்கு விளிம்புன்னு ஒண்ணு இருக்கு சாமி. அது அழகுக்கு இல்ல. சாறு, சாஸ், எண்ணெய் எதுவும் மேசைக்கு ஓடிவரக்கூடாதுன்னுதான் அது இருக்கு. பலகைக்கு அந்தப் பேச்சே கிடையாது. அடுப்புல இருந்து எடுத்த கறியை ரெண்டு மூணு நிமிஷம் சும்மா விட்டா சாறு ஓரளவு உள்ளயே அடங்கும். அதுக்குப் பொறுமை இல்லாம, எடுத்த கையோட பன்னுக்குள்ள அடைச்சு அனுப்பிடுறாங்க. கத்தி பட்டதும் சாறு பலகையில இறங்கி, மேசை ஓரத்தைத் தாண்டி, நேரா மடியில.

பலகையைக் கழுவுற லட்சணம் வேற. கத்தி கீறின கோட்டுக்குள்ள எல்லாம் நேத்து எண்ணெய். டிஷ்வாஷர்ல போட்டா மரம் ஊறி, வளைஞ்சு, வெடிச்சுரும். கையாலதான் தேய்க்கணும், முழுசாக் காயவைக்கணும். சனிக்கிழமை ராத்திரி கூட்டத்துல எந்த கிச்சன்ல அதுக்கு நேரம் இருக்கு? அதனால வளைஞ்ச பலகைதான் நம்மகிட்ட வருது. அது ஆடும். மேசையும் ஆடும், அதுக்கு ஒரு காலுக்கு அடியில பீர் அட்டையை மடிச்சு முட்டுக்கொடுத்திருப்பாங்க. ஆடுற மேசை, அதுமேல ஆடுற பலகை, அதுமேல ஆடுற பர்கர்.

வாங்க, இதைச் சாப்பிடுற அழகையும் பாத்துருவோம். மனுஷன் வாயை முழுசாத் திறந்தாலும் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல 4, 5 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். இது நிக்கிறது 12 சென்டிமீட்டர். குச்சி குத்தி நிறுத்தியிருக்காங்க, ஏன்னா குச்சி இல்லன்னா அது நிக்காது. முதல் வேலை குச்சியை உருவணும். உருவினதும் மேல் பன் சாயும். உள்ளங்கையால அமுக்கினா, சாஸ்ல ஊறின தக்காளி வழுக்கிக்கிட்டு வலது பக்கம் போகும். தக்காளியைப் பிடிக்கப் போனா, கறி பின்வாசல் வழியா பாதி வெளிய வந்திருக்கும். அதை உள்ள தள்ளும்போதுதான் தெரியும், அடி பன்னே இல்லன்னு. அது கூழாகி பலகையோட ஐக்கியமாயிடுச்சு.

பிரியோஷ் பன்னோட குணமே அதுதான். வெண்ணெயும் முட்டையும் போட்டு மிருதுவாச் சுட்ட ரொட்டி, ஈரம் தாங்காது. தாங்க வைக்க வழி இருக்கு. வெட்டின பக்கத்தைச் சூடான இரும்புக் கல்லுல ஒரு நிமிஷம் கவுத்துப்போட்டா பொன்னிறமா லேசாத் தோல் கட்டும், சாறு உடனே இறங்காது. கூடவே கறிக்கு அடியில ஒரு லெட்யூஸ் இலை. அவ்வளவுதான் வேலை. ஆனா இலை எங்க இருக்குங்கிறீங்க? கறிக்கு மேல. போட்டோவுல பச்சை தெரியணுமாம்.

இந்தப் போராட்டத்துக்கு நடுவுல, வாய் கிழியத் திறந்து முதல் கடியை உள்ள வாங்குற அந்தப் பொன்னான நேரத்துல, தோள் பக்கத்துல ஒரு குரல்: “எல்லாம் ஓகேவா?” ரெண்டு நிமிஷம் இல்லன்னா ரெண்டு வாய், அதுக்குள்ள போய்க் கேக்கணும்னு சர்வர்களுக்குப் பாடம். குறை இருந்தா உடனே சரிபண்ணத்தான், நல்ல எண்ணம்தான். ஆனா வாய் நிறைஞ்சவன் தலையைத்தானே ஆட்டுவான்! அதைப் பாராட்டா எடுத்துக்கிட்டு அவர் போயே போயிடுறார்.

கத்திக் கூப்பிட்டாலும் கேக்காது. செங்கல் சுவர், சிமென்ட் தரை, இரும்பு நாற்காலி, சத்தத்தை உறிஞ்ச ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. சுத்தி சத்தம் ஏற ஏற மனுஷன் தன்னால குரலை உயர்த்துவான்னு லொம்பார்டுங்கிற பிரெஞ்சு டாக்டர் 1911-லயே எழுதி வச்சுட்டார். பக்கத்து மேசை கத்துது, நாம கத்துறோம், அதை மீறி பாட்டுச் சத்தத்தைக் கூட்டுறாங்க.

அந்த வாளியை விட்டுட்டேனே. உருளைக்கிழங்கை முதல்ல 140 டிகிரி வாக்குல வேகவிட்டு, ஆறவச்சு, மறுபடி 180, 190-ல பொரிச்சு எடுக்குறது பெரிய உழைப்பு. ரெண்டு தடவை எண்ணெயில போட்டது எதுக்கு? மொறுமொறுப்புக்கு. பொரிச்சு எடுத்த பிறகும் உள்ளிருந்து ஆவி வந்துக்கிட்டே இருக்கும், பரத்திப் போட்டா அது வெளிய போயிரும். குறுகலான வாளியில குவிச்சா எங்க போகும்? மேல இருக்குற அஞ்சாறு மொறுமொறுன்னு இருக்கும், அடியில இருக்குறது அவிஞ்சு தொங்கும். சில இடத்துல வாளி நிறைஞ்ச மாதிரி தெரிய அடியில காகிதத்தைக் கசக்கி வேற திணிச்சிருப்பாங்க. அதுதான் கொஞ்சம் மொறுமொறுப்பா இருக்கு.

1991-ல லண்டன்ல ‘தி ஈகிள்’ங்கிற பழைய பப்பை ரெண்டு பேர் எடுத்து, பீர் விக்கிற இடத்துலயே நல்ல சாப்பாடும் போட்டாங்க. அங்கதான் இந்த கேஸ்ட்ரோபப் சமாசாரமே தொடங்குச்சு. ஜோடி சேராத நாற்காலி, கரும்பலகையில மெனு, பகட்டே இல்ல. பின்னால வந்தவங்க அந்தக் கரும்பலகையை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, படுக்கவச்சு, அதுலயே சோத்தை வச்சுட்டாங்க. சிலேட்டுக் கல்லுல கத்தி கீறுற சத்தத்துக்குப் பல்லு கூசாதவங்க யாராவது இருக்கீங்களா? 2015-ல ‘வீ வாண்ட் பிளேட்ஸ்’னு ட்விட்டர்ல தனிக் கணக்கே தொடங்கி, தட்டில்லாமப் பரிமாறின கொடுமையை எல்லாம் போட்டோவாப் போட்டாங்க. அதைப் பாத்து யாரும் திருந்தின மாதிரி தெரியல. யோசனை தீந்தவங்க அதுலயே நாலு பிடிச்சிருப்பாங்க.

சரி, போகட்டும், கை கழுவலாம்னு போனா ரெண்டு கதவு. ஒண்ணுல முக்கோணம், இன்னொண்ணுல தலைகீழ் முக்கோணம். யாராவது வெளிய வர்ற வரைக்கும் நின்னு வேவு பாத்துத்தான் உள்ள போகணும். உள்ள கல்லைக் குடைஞ்ச தொட்டி, ஆழம் நாலு விரக்கடை. குழாய் ஒரு முழம் மேல. கையை நீட்டினதும் தண்ணி அருவியா விழுந்து, கல்லுல மோதி, அப்படியே எகிறி பேன்ட் முன்பக்கத்துல. இப்ப இந்த நெரிசல்ல ஒவ்வொரு மேசையாத் தாண்டி, “இது குழாய்த் தண்ணிங்க”ன்னு சொல்லிக்கிட்டே போகணும். அதுவும் கத்தித்தான் சொல்லணும்.