பாஹியங்கல: கரிதான் காலம் சொன்னது

இலங்கையின் களுத்துறை மாவட்டத்துப் பாஹியங்கல குகையைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அங்கே 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் குடியிருந்தனர் என்று அது சொல்வது சரி. ‘எலும்பைக் கார்பன் சோதனை செய்து கண்டார்கள்’ என்ற வரிதான் இடறுகிறது. மழைக்காட்டு ஈரத்திலும் வெக்கையிலும் அந்தச் சோதனைக்கு வேண்டிய கொலாஜன் என்ற புரதம் எலும்பில் அவ்வளவு காலம் தங்குவது அபூர்வம். அங்கே காலம் சொன்னது கரித்துண்டுகள்.

கரியிலும் வம்பு உண்டு. கார்பன் சோதனைக் கணக்கில் 45,000 ஆண்டு வயதுள்ள கரியில் வேர்த்துணுக்கோ மண்ணில் மட்கிய தாவரத்திலிருந்து ஊறும் ஹியூமிக் அமிலமோ வழியாக 1 விழுக்காடு புதுக் கார்பன் கலந்தால் போதும், விடை ஏறக்குறைய 34,500-க்கு இறங்கிவிடும்! அதனால்தான் முதலில் அமிலம், பிறகு காரம், மறுபடி அமிலம் என்று கழுவுகிறார்கள். சுமார் 50,000-ஐத் தாண்டினால் இந்த முறையே கைவிரித்துவிடும்.

இன்னொன்று. அங்கே கிடைத்த விலங்கெலும்புகளில் பெரும்பகுதி குரங்கும் அணிலும். மர உச்சியில் தாவுவதைக் கையால் பிடிக்க முடியுமா? 2020-இல் வெளியான ஆய்வு எலும்பால் செய்த 130 கூர்முனைகளைப் பார்த்தது; பலவற்றின் நுனி, வேகமாக மோதியதில் சிதைந்திருந்தது. வில்லும் அம்பும் என்ற ஊகம் அதிலிருந்து வந்தது. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.