கடவுச்சொல் மட்டும் போதாது
"கடவுச்சொல் வலுவாக இருந்தால் கடையின் விபரங்களை எவரும் மாற்ற முடியாது" என்று, கடைகளின் இணைய விபரங்களைப் பாதுகாப்பது பற்றிய இந்தக் கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பது பாதிதான் சரி. பரந்தனில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். போன காலபோக அறுவடை நேரம், கூகிள் வரைபடத்தில் என் கடைப் பெயருக்குக் கீழே 'நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது' என்று சிவப்பு எழுத்தில் கிடந்தது. நானோ கடைக்குள் பெல்ட் அளந்துகொண்டிருந்தேன்! முழங்காவிலில் இருந்து வழமையாக வரும் ஐயா ஒருவர் "என்ன தம்பி, கடையை மூடிவிட்டீர்களாமே?" என்று தொலைபேசியில் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. எவரும் என் கடவுச்சொல்லை உடைக்கவில்லை. திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம் முதல் கடை மூடியாயிற்று என்பது வரை அங்கே யாரும் திருத்தம் முன்மொழியலாம். உரிமையாளர் நான்தான் என்று முன்பே உறுதிப்படுத்தி வைத்திருந்ததால், என் கூகிள் கணக்கின் உள்ளே போய் அன்றைக்கே சரிசெய்ய முடிந்தது. 'அந்த வரைபடப் பதிவே வேண்டாம், விட்டுவிடுங்கள்' என்று மேலே கருத்திட்ட அன்பருக்கு: நீங்கள் போடாவிட்டால் இன்னொருவர் உங்கள் கடையைப் போட்டு, தன் இலக்கத்தையும் கொடுத்து உரிமை கோரப் பார்க்கக்கூடும். கட்டுரை தொடாத இன்னொன்று போட்டோப் பிரதி. பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி எடுத்து நீட்டுகிறோம். அந்தப் பிரதியை வேறெதற்கும் பயன்படுத்திவிடக் கூடாதே என்று, இப்போது நான் யாருக்கு, எதற்கு, எந்தத் திகதி என்பதைப் பிரதியின் குறுக்கே, அச்செழுத்துகளின் மேலேயே, நீல மையால் எழுதிவிட்டுத்தான் கொடுக்கிறேன். வங்கியில் ஒரு பிள்ளை முகம் சுளித்தது; ஆனாலும் வாங்கிக்கொண்டது.