ஒரே ஒரு சர்வர் வைத்திருப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் தீபாவளி நெருங்கும் சமயம் சாயங்கால இடி எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு இடியில் நான் பார்த்துக்கொள்ளும் கடையின் சர்வர், அதாவது பில் எல்லாம் ஓடும் மெயின் கம்ப்யூட்டர், போய்விட்டது. டேட்டாவுக்கு பேக்கப் இருந்ததால் தைரியமாகத்தான் இருந்தோம். புது மெஷின் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பழையதை எப்படி அமைத்தார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. டிஸ்க்கை எப்படிப் பிரித்தது, நெட்வொர்க்கில் எந்த ஐபி முகவரி, என்னென்ன மென்பொருள், எல்லாம் அமைத்துக் கொடுத்த தம்பியின் தலைக்குள் இருந்தது, அவன் சிங்கப்பூர் போய் இரண்டு வருடம் ஆகிறது. மூன்று நாள் கையால் பில் எழுதினோம், அதுவும் பண்டிகைக் கூட்டத்தில்.

அவன்மேல் எனக்கு வருத்தமே இல்லை. பிள்ளைகள் வேலைக்கு வெளியே போகத்தான் செய்வார்கள். என் அப்பா தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. அவர் மாற்றலாகிப் போன மறுநாளும் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு நடந்தது, ஏனென்றால் யாருக்கு எந்த வேலை என்பது செக்ரோல் என்ற பேர்ப்பதிவேட்டில் எழுதியிருந்தது.

சர்வரில் ஓடும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு சர்வர், 20.04 பதிப்பு முதல், இப்படி எழுதி வைக்கும் வேலையை அதுவே செய்கிறது. நீங்கள் கையால் நிறுவும்போது சொன்ன பதில்களை எல்லாம் சேர்த்து, வார், அதற்குள் லாக், அதற்குள் இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டரில் 'ஆட்டோஇன்ஸ்டால்-யூசர்-டேட்டா' என்று ஒரு கோப்பாக எழுதி வைத்துவிடும். ரெட் ஹாட் என்ற இன்னொரு லினக்ஸில் இதற்கு 'அனகோண்டா-கேஎஸ்' கோப்பு. எங்கள் பழைய டிஸ்க்கிலும் அது இருந்திருக்கும், நாங்கள்தான் எடுத்து வைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனது கேட்கவில்லை.

உபுண்டுவின் அந்தக் கோப்பை 'யூசர்-டேட்டா' என்ற பெயரில், பக்கத்தில் 'மெட்டா-டேட்டா' என்று ஒரு வெற்றுக் கோப்போடு, 'சிஐடேட்டா' என்று லேபிள் வைத்த பெண்டிரைவில் போடுங்கள். புது மெஷினில் அதைச் செருகி உபுண்டு இன்ஸ்டாலரை ஓட்டினால், இன்ஸ்டாலர் அதைக் கண்டுபிடித்து ஒரே ஒரு தடவை 'தொடரலாமா' என்று கேட்கும், அப்புறம் டிஸ்க், நெட்வொர்க், யூசர், கோப்பில் எழுதியிருக்கும் மென்பொருள் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், நீங்கள் போய் டீ குடித்துவிட்டு வரலாம். இது யாமல் என்ற வகைக் கோப்பு, வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு என்பதால், திருத்தும்போது டேப் விசையைத் தொடாதீர்கள், ஸ்பேஸ் மட்டும்தான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அதற்குள் எழுதாதீர்கள். முக்கியமாக, தெரியாமல் வேறு மெஷினில் இன்ஸ்டாலரோடு செருகி சரி என்று அடித்துவிட்டால் அதில் உள்ளதை அழித்துவிட்டுத்தான் நிறுவும். என் பெண்டிரைவில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.

'ஒரு சர்வருக்கு எதற்கு அண்ணே இவ்வளவு?' என்று கேட்கிறார்கள். நூறு சர்வர் வைத்திருப்பவன் தினம் ஒன்றை அமைக்கிறான், அவனுக்கு மறக்காது. நாம் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை செய்கிறோம். மறப்பது நமக்குத்தான்.

சர்வர் நன்றாக ஓடும்போதே அந்தக் கோப்பை எடுத்து வையுங்கள். எப்படி என்று புரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்போடு வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து செய்துவிடலாம்.