அந்த எல்.கே.ஜி. வீடியோவுக்கு ஹார்ட் போட்டவர்களுக்கு

இரண்டு நாளாக எல்லோர் ஃபீடிலும் ஓடும் அந்த வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அது தப்பு என்று நேற்று நான் போட்ட கமென்ட்டுக்குக் கீழே ஒருவர், "மேடம், இது பிஹேவியரிசம். வாட்சன் பண்ணதைத்தான் அந்த டீச்சரும் பண்ணிருக்காங்க, சைக்காலஜி படிச்ச நீங்களே இப்படிப் பேசலாமா" என்று எழுத, அதற்கு நாற்பது பேர் ஹார்ட் வேறு போட்டிருக்கிறார்கள். அதில் என் பெரியம்மா மகனும் ஒருவன். நல்லது தம்பி.

நாலு வயதுக் குழந்தையிடம் "இனிமே அம்மா வர மாட்டாங்க" என்று சொல்லி, அது உதடு பிதுக்குவதிலிருந்து பையை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடுவது வரை செல்போனில் எடுத்து, பின்னால் பியானோ சேர்த்து, 'சோஷியல் எக்ஸ்பெரிமென்ட்' என்று பெயர் வைத்தால் அது ஆராய்ச்சி ஆகிவிடாது. அந்தக் குழந்தையின் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. வாட்ஸப் குரூப்பில் வந்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

சரி, வாட்சனுக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சனின் அந்தச் சோதனை 1920-இல் கட்டுரையாக வந்தது. ஒன்பது மாதத்தில் வெள்ளை எலியைப் பார்த்துக் கொஞ்சமும் பயப்படாத ஒரு குழந்தை. அதற்குப் பதினோரு மாதம் ஆனபோது, எலியைத் தொடக் கை நீட்டும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள், வாட்சனும் அவர் மாணவி ரோசலி ரேனரும். சில நாளில் எலியைக் கண்டாலே அழுகை. அப்புறம் முயல், நாய், ரோமக் கோட்டு என்று பயம் பரவியது. உண்டாக்கிய பயத்தைப் போக்கினார்களா என்றால் இல்லை, குழந்தை தான் இருந்த மருத்துவமனையை விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வாட்சனுக்கு வேலை போனது உண்மை. ஆனால் அது குழந்தையை அழவைத்ததற்காக இல்லை, ரேனரோடு இருந்த தொடர்புக்காக! இதையெல்லாம் எங்களுக்குப் பாடமாக வைத்தது திரும்பச் செய்து பார்க்கச் சொல்லி இல்லை ஐயா. ஆர்.டி.ஓ. ஆபீஸில் விபத்துப் படம் மாட்டியிருப்பது அதே மாதிரி ஓட்டச் சொல்லியா?

அப்புறம் அந்தப் 'பிஹேவியரிசம்'. மனதுக்குள் நடப்பதை விடு, வெளியே தெரியும் நடத்தையை அளந்து பார் என்று 1913-இல் வாட்சன் சொன்னது அது. அழவைத்து லைக் வாங்கு என்று அதில் எங்கேயும் இல்லை. அதற்கும் முன்னால், 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் தொடங்கிய வுண்ட்டிடம், மாணவர்கள் தாங்களே மாறி மாறிச் சோதனைக்கு உட்கார்ந்தார்கள். ஃப்ராய்டு சிகிச்சைக்கு வந்தவர்களைப் படுக்கவைத்துப் பேசவிட்டுக் கேட்டார் (அவர் 'டோரா' என்று பெயர் மாற்றி எழுதிய பெண் பாதியிலேயே எழுந்து போனது தனிக் கதை). உளவியல் சிகிச்சையாளர் கார்ல் ரோஜர்ஸ் 'நோயாளி' என்ற சொல்லையே விட்டுவிட்டு 'கிளையன்ட்' என்றார். உளவியலில் நீங்கள் எந்தப் பிரிவாக வேண்டுமானாலும் இருங்கள், சம்மதம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"எங்களையெல்லாம் அடிச்சுத்தான் வளர்த்தாங்க, நாங்க நல்லாத்தானே இருக்கோம்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் கமென்ட்டே சொல்கிறது.

"சொல்லிட்டுச் செஞ்சா நடிப்பாங்களே, மில்கிராம் ஏமாத்தித்தானே கண்டுபிடிச்சார்?" என்பது மட்டும் நியாயமான கேள்வி. பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் ஷாக்கைக் கூட்டிக் கூட்டிக் கொடு என்று சொல்லி, ஆணைக்கு மனிதர்கள் எவ்வளவு தூரம் பணிவார்கள் என்று பார்த்தவர் மில்கிராம். யேல் பல்கலைக்கழகத்தில் முதல் சுற்றில் 40 ஆண்களில் 26 பேர் உச்சமான 450 வோல்ட் வரை போனார்கள். ஷாக் போலி என்று முன்பே சொல்லியிருந்தால் இது தெரிந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வந்தவர்கள் பெரியவர்கள், ஏதோ ஒரு சோதனை என்று தெரிந்தே வந்தவர்கள். அதற்கே இன்றுவரை சண்டை ஓயவில்லை. இந்த முகநூலே 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 பேரின் ஃபீடில் கைவைத்து அவர்கள் மனநிலை மாறுகிறதா என்று பார்த்தது. 2014-இல் விஷயம் வெளியே வந்தபோது ஊரே கத்தியது. 'எங்களைக் கேட்டீர்களா' என்றுதான் கத்தியது. பெரியவர்களுக்கு வந்தால் ரோஷம், எல்.கே.ஜி. குழந்தை என்றால் ஹார்ட்.

நான் ஏன் இவ்வளவு குதிக்கிறேன் என்று கேட்கலாம். செகண்ட் இயரில் பிராக்டிகலுக்கு ஒரு ஹாஸ்டல் ஜூனியரை சப்ஜெக்டாக உட்காரவைத்தேன். நினைவாற்றல் சோதனை. முதல் சுற்று முடிந்ததும் "இருபதுக்கு ஏழுதான், இதுவரை வந்தவங்கள்ல நீதான் கம்மி" என்று சொல்லவேண்டும், அடுத்த சுற்றில் தடுமாறுகிறாளா என்று பார்க்கவேண்டும். தடுமாறினாள். பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது. நான் குறித்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டேன். ரெக்கார்டு நோட்டில் மட்டும், 'சோதனை முடிந்தபின் உண்மை விளக்கப்பட்டது' என்று அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

பதினோரு வருஷம் கழித்துப் போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை அவளுக்கு. மண்டபத்தில் செல்போனை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடியவள், "எனக்குத்தான் மெமரி கம்மியாச்சேக்கா, நீங்கதானே டெஸ்ட் பண்ணிச் சொன்னீங்க" என்று சிரித்தாள். பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். அங்கேயே சொல்லிவிட்டேன், அது பொய் மார்க் என்று. அவள் கொஞ்ச நேரம் இலையையே பார்த்தாள். பிறகு, "அப்ப நெஜ மார்க் எவ்ளோக்கா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. முதல் சுற்றுத் தாளை நான் எண்ணவே இல்லை.

தம்பி, அந்த ஹார்ட்டை எடுத்துவிடு. பெரியம்மாவிடம் சொல்லிவிடுவேன்.