மகளிர் பிரிவு போதாது, நிர்வாகக் குழுவில் இடம் வேண்டும்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டக் கோயில்களில் திருவிழா என்றால் பாதி வேலைக்கு மேல் பெண்கள் தலையில்தான். பூ கட்டுவது, அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது, நன்கொடைப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குவது எல்லாம் அவர்கள்தான். ஆனால் எனக்குத் தெரிந்த கோயில்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் ஆண்கள். பெண்களுக்கென்று மகளிர் பிரிவு. வசூலித்த பணத்துக்குக் கணக்குக் கேட்கக்கூட அந்தப் பிரிவுக்கு வழியில்லை. இது நியாயமே இல்லை.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். இருட்டிலேயே எழுந்து சமைத்து, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு தன் மர வரிசையான நிரைக்குப் போவார். வெட்டி முடித்து, மரத்தில் இருக்கும் மங்கு என்ற கிண்ணம் ஒவ்வொன்றிலிருந்தும் பால் எடுத்து, காண்டா வாளியில் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் வீட்டில் மறுபடி அடுப்பு. ஆண்களுக்குச் சமமாக உழைத்த அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் வேலையை மேற்பார்க்கும் கங்காணியாகவோ கணக்கு எழுதும் கிராணியாகவோ வந்து நான் பார்த்ததில்லை.

பெண்களுக்குத் தலைமை வராது என்பவர்கள் நம் சரித்திரத்தைப் படிக்கட்டும். 1943-இல் நேதாஜி தொடங்கிய, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டத்துப் பெண்கள். 18 வயதில் அதில் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன், பிறகு 1946-இல் ம.இ.கா. என்ற இந்தியர் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். இன்று தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண்கள் வழக்கறிஞர்கள், தலைமையாசிரியைகள். ஒரு பள்ளியையே நடத்துகிறவர் கோயிலுக்கு வந்தால் மட்டும் தட்டு அடுக்கத்தான் லாயக்கா?

"நாங்களா தடுத்தோம், அவங்கதான் முன்வர மாட்டேங்கிறாங்க" என்று அண்ணன்மார் சொல்வார்கள். சரி, கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள்? இரவு ஒன்பதுக்கு. பிள்ளைகளைத் தூங்க வைக்கும் நேரத்தில் எந்தத் தாய் வருவாள்? அதுவும் பாதி முடிவு அதற்கு முன்பே சாப்பாட்டுக் கடை மேசையில் எடுத்தாகிவிடும். அப்புறம், யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் தீட்டு. கணக்குப் புத்தகம் கருவறையிலா இருக்கிறது? அந்த மூன்று நாள் சன்னதிக்கு வராத பெண், மண்டபத்தில் உட்கார்ந்து வரவு செலவு பார்த்தால் எந்த அம்மன் கோபித்துக்கொள்வாள்?

பங்குச் சந்தையில் இருக்கும் ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2023 ஜூன் முதல் புர்சா மலேசியாவில் விதி இருக்கிறது. கோயிலுக்கு யாரும் வந்து விதி போட மாட்டார்கள். நாமேதான் மாற்ற வேண்டும். கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளில் ஒன்றாவது பெண்ணுக்கு என்று சட்டவிதியில் எழுதுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எங்கள் கோயில் பொருளாளர் பதவிக்கு ஒரு அக்காவின் பெயரை முன்மொழியப் போகிறேன். நாற்பது பேருக்குச் சீட்டுப் பிடித்து ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் குறையாமல் கொடுத்தவர். வழிமொழிய ஆள் வேண்டும். ஆண்களாக இருந்தால் இன்னும் நல்லது.