அதிர்ஷ்டம் எதுவரை?

நல்ல புகைப்படம் ஒன்றைப் பார்த்ததும் “சரியான நேரத்தில் அங்கே இருந்திருக்கிறார், அதிர்ஷ்டசாலி” என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். பல ஆண்டுகளாகக் கேமராவைத் தோளில் சுமப்பவன் என்ற முறையில், இந்தப் பேச்சு எனக்கு வருத்தமளிக்கிறது. அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. அது எதுவரை என்பதே என் கேள்வி.

1941 நவம்பர் 1 மாலை, புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சாண்டா ஃபே நகருக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். (அவருக்கே நாள் நினைவில்லை; அன்று அவர் எடுத்த படத்திலுள்ள நிலவின் இருப்பிடத்தைக் கொண்டு வானியலாளர்கள் பின்னர் கணித்த தேதி இது.) ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடக்கும்போது, பனிமலைகளுக்கு மேலே நிலவு எழுந்திருக்க, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மறையும் வெயிலில் வெண்மையாக ஒளிர்வதைக் கண்டார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, உடன் வந்தவர்களிடம் கருவிகளைக் கேட்டுக் குரல்கொடுத்தபடியே 8×10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை நிறுத்தினார். ஒளியை அளக்கும் லைட் மீட்டர் மட்டும் அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளியை அளக்கும் அலகு) என்பது நினைவுக்கு வர, ஃபில்டர் தடுக்கும் ஒளியையும் சேர்த்து மனக்கணக்குப் போட்டு, எஃப் 32 என்ற சிறிய அபெர்ச்சரில் (லென்ஸின் ஒளித்துளை) ஒரு நொடி என முடிவுசெய்து ஷட்டரைத் திறந்தார். இரண்டாவது படத்துக்காக ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகள்மேல் இருந்த வெயில் போய்விட்டது. கிடைத்தது ஒரே நெகட்டிவ்.

நிலவும் வெயிலும் ஒருசேர வாய்த்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த 250 என்ற எண், பல ஆண்டுகள் ஒளியை அளந்து அளந்தே அவருக்குள் படிந்திருந்தது. மறுபுறம், 1932இல் பாரிஸின் சென் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், வேலியிடுக்கில் லென்ஸை நுழைத்து பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே பிரெசோன் எடுத்த புகழ்பெற்ற படத்தில், தண்ணீரைத் தாண்டிக் குதிப்பவரைத் தம்மால் பார்க்கவே முடியவில்லை என்று அவரே கூறியிருக்கிறார். அங்கே அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் அந்த இடுக்கைத் தேடிச் சென்றது அவருடைய கண்.

உள்ளுணர்வு என்று நாம் சொல்வது, யோசிக்க நேரமில்லாதபோது வேலைசெய்யும் பழகிய அறிவு என்றே நினைக்கிறேன். எங்கள் ஏரிக்கரையில் முதல் இரண்டு ஆண்டுகள் எனக்குக் கிடைத்தவை, கொக்கு பறந்துபோன பின் கலங்கி நின்ற தண்ணீரின் படங்களே. எழும்புவதற்குச் சற்று முன் கொக்கு கால்களை மடக்கித் தாழ்ந்து, கழுத்தை முன்னே நீட்டும். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியபின், இப்போது அது தாழும்போதே விரல் அழுத்திவிடுகிறது. அதனால்தான், என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்டு வரும் இளைஞர்களை, முதலில் ஒரு வாரம் வெறுங்கையோடு என்னுடன் கரையில் வந்து உட்காரச் சொல்கிறேன்.