டயமண்ட் கணக்கு

மூன்று வருடம் விடாமல் விளையாடிய ஓர் ஆன்லைன் கேமைப் போன வாரம் போனிலிருந்து எடுத்துவிட்டேன். கேம் மோசம் என்று சொல்ல மனம் வரவில்லை. மேப்பை வரைந்திருக்கும் அழகு, சண்டையின் வேகம், ஐந்து பேர் சேர்ந்து ஒரு கோட்டையைப் பிடிக்கும்போது வரும் பரபரப்பு எல்லாம் இன்றைக்கும் பிடிக்கும். அதற்குள் விலை வைத்திருக்கும் விதம்தான் என்னை வெளியே தள்ளியது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசு கேட்பதே தப்பு என்று நினைக்கிறவன் இல்லை நான். சர்வர் ஓட வேண்டும், உருவாக்கியவர்களுக்குச் சம்பளம் போக வேண்டும். 2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம் வந்தபோது மாதச் சந்தா ஏறக்குறைய 15 டாலர். அது எல்லோருக்கும் கட்டுப்படியாகும் தொகை இல்லைதான். ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்பது உள்ளே போகும் முன்பே தெரியும். 2006-இல் ஆப்லிவியன் கேமில் குதிரைக்குப் போடும் கவசத்தைத் தனியாக விற்றார்கள். இரண்டரை டாலர். அதற்கே எவ்வளவு கோபம்! எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் அதன் விலை டாலரில்கூட இல்லை, முதலில் காசு கொடுத்து வாங்கி வைக்க வேண்டிய பாயின்ட்டில், 200 பாயின்ட் என்று இருந்தது. எனக்கு அந்த 200 பாயின்ட்தான் இன்றுவரை உறுத்துகிறது.

நான் விளையாடிய கேமிலும் அதே கதை. அங்கே டயமண்ட்தான் காசு, அதை நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். எனக்குப் பிடித்த ஒரு வில்லின் விலை 1,200 டயமண்ட். டாப்-அப் பக்கத்தில் 1,000 டயமண்ட் பேக் இருக்கும், அதற்கடுத்து நேராக 2,200. நடுவில் எதுவும் கிடையாது. சரி என்று பெரிய பேக்கை வாங்கி வில்லை எடுத்தால் 1,000 மிச்சம். அந்த மிச்சத்துக்கு ஏதாவது வாங்கலாம் என்று கடையைப் புரட்டினால் ஒன்று 1,150, இன்னொன்று 1,300. இன்னும் கொஞ்சம் போட்டால் கிடைத்துவிடுமே என்று கை தானாக டாப்-அப்பை நோக்கிப் போகும். போதாக்குறைக்கு ஒவ்வொரு பேக்கிலும் வேறு வேறு அளவில் 'போனஸ்'. ஒரு டயமண்டுக்கு உண்மையில் என்ன விலை என்று கண்டுபிடிக்கக் கால்குலேட்டர் எடுக்க வேண்டும். தற்செயலாக இப்படி அமையாது. உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்த இடைவெளி அது.

2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் இதைப் பற்றித்தான் பேசின. கேமுக்குள் விற்கும் பொருளின் விலையை நிஜப் பணத்திலும் காட்ட வேண்டும், தேவைக்கு மேல் கேம் காசை வாங்கும்படி ஆளைத் தள்ளக் கூடாது என்றன. இவ்வளவு எளிய விஷயத்தைச் சொல்ல ஓர் அரசு அமைப்பு வர வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம். விளையாட்டின் உள்ளேயே விலை புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்தது எங்கள் க்ளானில்தான், அதாவது சேர்ந்து விளையாடும் எங்கள் குழுவில்.

க்ளானை நடத்தியவர் ஓர் அக்கா. வேலையெல்லாம் முடித்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல்தான் வருவார். அம்பு எய்வதில் அவரை மிஞ்ச ஆளே இல்லை. எதிரி ஓடும் திசையைப் பார்த்து, ஒரு நொடி முன்னாலேயே குறிவைப்பார். எங்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இரண்டாவது வருடத்தில் ஓர் அப்டேட் வந்தது. அதுவரை ஆறு மணி நேரத்தில் முடிந்த ஆயுத அப்கிரேடுக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்றானது. டயமண்ட் கொடுத்தால் உடனே முடியும். கூடவே லெஜண்டரி கவசம் ஒன்று, உள்ளே என்ன வரும் என்று தெரியாத பெட்டியைக் காசு கட்டித் திறந்தால் மட்டும் கிடைப்பது. ஒருநாள் ராத்திரி, கேமில் சேர்ந்து இரண்டு வாரமே ஆன ஒரு பையனிடம் அக்கா தோற்றார். வாய்ஸ் சாட்டில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "என்ன தம்பி இது, நான் விட்ட அம்பு எல்லாமே பட்டுச்சு. அவனுக்கு ஒரு கீறல்கூட விழலையே?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவர் வருவது குறைந்தது, பிறகு நின்றேபோனது. அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. கடையில் இருந்ததை வாங்கினான், அவ்வளவுதான். ஆனால் சில மாதத்தில் அவனும் மேட்ச் கிடைக்காமல் காத்திருக்க ஆரம்பித்தான். மோத ஆள் இல்லாத சர்வரில் அந்தக் கவசத்தை வைத்து என்ன செய்வது? காசு கட்டாமல் விளையாடுகிறவர்கள் இருப்பதால்தான் கட்டுகிறவனுக்கும் அங்கே விளையாட்டு இருக்கிறது. விலை வைக்கிறவர்கள் இதை எப்படி மறக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பெரிய கேம்களே இதில் அடிபட்டிருக்கின்றன. 2012-இல் டயாப்லோ 3, நிஜப் பணத்துக்குப் பொருட்களை ஏலம் விடும் சந்தையைத் திறந்தது. அரக்கர்களைக் கொன்று நல்ல ஆயுதம் தேடுவதுதான் அந்த விளையாட்டே. சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்றானதும் தேடுவதற்குக் காரணம் போய்விட்டது. அதை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டு 2014 மார்ச்சில் சந்தையை மூடினார்கள். 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2. முழு விலை கொடுத்து வாங்கிய கேமில் டார்த் வேடர் என்ற பாத்திரத்தைத் திறக்க, விளையாடிச் சேர்க்கும் கேம் காசில் 60,000 கிரெடிட். அதைச் சேர்க்கச் சுமார் 40 மணி நேரம் ஆகும் என்று விளையாடியவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நிறுவனம் ரெடிட் என்ற விவாதத் தளத்தில் சொன்ன சமாதானத்துக்கு, பிடிக்கவில்லை என்று போடும் டவுன்வோட் ஆறு லட்சத்துக்கும் மேல் விழுந்தது. கேம் முறையாக வெளியாகும் நேரத்தில் காசுக்கு விற்பதையே நிறுத்திவைத்தார்கள். மறு வருடம் பெல்ஜியம், காசு கட்டித் திறக்கும் இந்த மாதிரிப் பெட்டிகளை, அதாவது லூட் பாக்ஸை, அங்குள்ள சட்டப்படி சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது.

விளையாடுகிறவர்கள் கத்தினால் ஒன்றும் நடக்காது என்று யாராவது சொன்னால் இதையெல்லாம் ஞாபகப்படுத்துங்கள்.

நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2009-இலிருந்து இலவசம்தான். விற்கும் ஸ்கின் தோற்றத்தை மாற்றும், அடியின் பலத்தைக் கூட்டாது. 2024-இல் வந்த ஹெல்டைவர்ஸ் 2-இல் காசு கொடுத்து வாங்கிய வார்பாண்ட், அதாவது விளையாடி ஒவ்வொன்றாகத் திறக்கும் பரிசுத் தொகுப்பு, காலாவதி ஆவதில்லை. ஆறு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதன் அருமை, சீசன் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பேட்டில் பாஸில் (காசு கட்டி வாங்கி, சீசனுக்குள் விளையாடிப் பரிசுகளை எடுக்க வேண்டிய பாஸ்) 87-ஆவது லெவலில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். நான் மாட்டியிருக்கிறேன். ராத்திரி ஒரு மணி, கண் எரிகிறது, விளையாட ஆசையே இல்லை. கட்டின காசு வீணாகிவிடுமே என்று மிஷனை முடித்துக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து வந்து இன்னொரு வேலை பார்ப்பது போலத்தான் இருந்தது.

கேம் செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே வேண்டுகோள். அழகை விற்றுக்கொள்ளுங்கள், புது மேப்பை விற்றுக்கொள்ளுங்கள், சந்தா கேளுங்கள், தருகிறோம். எங்களை வேண்டுமென்றே சலிப்படைய வைத்துவிட்டு அந்தச் சலிப்புக்கு மருந்து விற்காதீர்கள்.

போன மாதம் அக்காவைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் கேம் ஒன்றை நான்கு பேர் சேர்ந்து எடுத்திருக்கிறோம், உள்ளே கடையே கிடையாது. ஞாயிறு இரவு பத்தரைக்குச் சேர்கிறோம். அக்கா இங்கேயும் வில்தான் எடுத்திருக்கிறார்.